இரண்டாம் நிமிடத்தில் மூடிய கதவு

ஏழாவது முறையும் கப்பல் திரையில் எரிந்தது. ஏழாவது முறையும் கணக்கு உதைத்தது.

நிஜத்தில், பதினெட்டு வருடங்களுக்கு முன், அந்தப் பயணிகள் கப்பலில் செத்தவர்கள் பதினொரு பேர். திரையில் அறுபத்துநான்கு.

ரியேகா துறைமுக நகரின் கப்பல் கல்லூரியில் ஆசிரியை நெவென்கா மூன்று வருடம் உட்கார்ந்து கணினியில் உருவாக்கிய கப்பல் அது. முந்நூறு கணினி மனிதர்கள். புகையைக் கண்டால் திரும்புவார்கள், பிள்ளையைக் காணாவிட்டால் தேடுவார்கள், ஒவ்வொருவரும் தானாக முடிவெடுப்பார்கள். அவர்களுக்கு நடுவே, ஆளுக்கொரு கணினியிலிருந்து ஆளுக்கொரு பயணியை நடத்தும் பன்னிரண்டு மாணவர்கள்.

சாவுக் கணக்கு ஒத்தால்தான் புதுக் கப்பல்களின் பயிற்சிக்கு இதை ஏற்பார்கள்.

பதின்மூன்றாவது கணினியில் யெர்கோ. அன்று அந்தக் கப்பலில் மாலுமி. சமையலறையிலிருந்து கீழே ஓடி, தீப்பிடித்த, கார்கள் நிற்கும் தளத்தின் தீத்தடுப்புக் கதவை இழுத்து மூடி, ஒரு கப்பல் ஜனத்தைக் காப்பாற்றியவர். நகரசபை பதக்கம் கொடுத்த மனிதர்.

திரையிலும் அதையேதான் செய்தார். ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் கூட்டம் எதிரே வந்து முட்டியது. கதவை எட்டும்போது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. புகை அவரைத் தாண்டி மேலே போயிருந்தது.

"பதக்கம் வாங்குன காலா மாமா இது? வெரசா எறங்குங்க!" என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். யெர்கோ சிரிக்கவில்லை.

நெவென்கா கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பதினொரு பேர் மட்டும் சாக வேண்டுமென்றால் கதவு எப்போது மூடியிருக்க வேண்டும்?

இரண்டாம் நிமிடத்தில்.

அதற்குள் மேலிருந்து எவராலும் அங்கே போயிருக்க முடியாது. மூடியவர் கீழேயே இருந்தவர். உள்ளே நின்று மூடியவர்.

மாணவர்களைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க போனப்போ கதவு தொறந்தா இருந்துச்சு?"

யெர்கோ விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூடியிருந்துச்சும்மா. உள்ள ஷிமே. தொறக்கச் சொல்லல. 'மேல போடா'ன்னு மட்டும் சொன்னான். கரைக்கு வந்ததும் எல்லாரும் என்னக் கட்டிப்புடிச்சு அழுதாங்க. அப்ப சொல்லல. அப்புறம் சொல்ல முடியல."

ஷிமே. அந்தத் தளத்தின் காவலாள். குடித்துவிட்டுத் தூங்கிப்போனான், தீ பரவியதே அவனால்தான் என்று விசாரணை அறிக்கை எழுதி முடித்த ஷிமே.

அவள் கீழ்த்தளத்தில், கதவுக்கு உள்ளே, ஒரு புது ஆளை நிறுத்தி, கப்பலை மறுபடி ஓட்டினாள்.

பதினொன்று.

முடிவுப் பக்கத்தில் 'கதவை மூடியவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. எத்தனையோ கப்பல்கள் இருக்க இதை ஏன் எடுத்தாய் என்று யார் கேட்டும் அவள் பதில் சொன்னதில்லை. விசாரணை அறிக்கை வந்த வருடம் வேறு பள்ளியில் சேர்க்கும்போது அம்மா தன் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரை அவளுக்குப் போட்டிருந்தாள்.

'அப்பா' என்று அடித்தாள்.

அழித்துவிட்டு, 'ஷிமே' என்று எழுதினாள்.