விழாத பட்டை

அல்சைமர் நோயில் நினைவைத் தின்பது தாம் கண்டுபிடித்த புரதம்தான் என்று சொல்லியே பெரிய ஆளானவர் பேராசிரியர் ஞானசுந்தரம். எலி மூளையில் அது இருந்தால் சோதனைப் படத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். அவருடைய ஆய்வு மாணவி இசக்கியம்மாள் எத்தனை எலியை அறுத்தும் விழவேயில்லை.

“உனக்குக் கை வரலம்மா. வீட்ல முதல் ஆளா படிக்க வந்தா இப்படித்தான். பழைய படத்துலேருந்து பட்டையை வெட்டி ஒட்டு. இல்லேன்னா டாக்டர் பட்டத்தை மறந்துடு.”

அவள் ஒட்டவில்லை. துறைக் கருத்தரங்கில் தன் முறை வந்ததும் வெறும் வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டாள்.

“எனக்கு ஒட்டத் தெரியல சார். இங்க யாருக்காவது பட்டை தானா விழுந்திருந்தா எந்திரிச்சுச் சொல்லட்டும்.”

முன்வரிசை முழுக்க அவரிடம் பட்டம் வாங்கிய டாக்டர்கள். ஞானசுந்தரம் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.