ஒரு வயதுச் சட்டை

வளைகாப்புக் கூட்டத்தின் நடுவே தமயந்தி அம்மாள் பெட்டியைத் திறந்துவைத்தாள். பிள்ளை பிறக்கும் முன்னே துணி எடுக்கக் கூடாது என்பதெல்லாம் படிக்காதவர்கள் பேச்சு என்று முதலில் ஒரு சொற்பொழிவு. பிறகு ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிக் காட்டினாள்.

"இது பொறந்த உடனே போட. இது மூணு மாசத்துக்கு, இது ஆறு மாசத்துக்கு. இதோ, ஒரு வயசுக்குக்கூட எடுத்தாச்சு! சம்பந்தி வீட்டுக்கு ஒரு சிரமமும் வைக்கக் கூடாது பாருங்க."

"மாமியார்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று ஒருத்தி உருகினாள்.

மருமகள் ரேணுகா வளையலை உருட்டுவதை நிறுத்தினாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவளை பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஒரு வயதுச் சட்டைக்கு அங்கே என்ன வேலை? கணவனைத் தேடினாள். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காதவன், பந்தியில் மும்முரமாக இலை போட்டுக்கொண்டிருந்தான்.

ரேணுகா பெரிய சட்டைகளை மட்டும் எடுத்து பீரோவில் வைத்தாள்.

"இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் அத்தே. அப்ப நாங்க இங்கதானே இருப்போம்?"

"அதுக்கென்னம்மா, தாராளமா!" தமயந்தி அம்மாள் ஊருக்கே கேட்கும்படி சிரித்தாள்.

மறுநாள் அம்மா வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள். அந்தப் பெரிய சட்டைகள் மேலாகவே இருந்தன. அவற்றுக்கு அடியில், ரேணுகா பெட்டியில் வைக்காத அவளுடைய கல்யாணப் புடவை.

"ஒண்ணையும் மறக்கலை பாரேன் உங்க அத்தை" என்று பூரித்துப்போனாள் அம்மா.