எரியாத உள்ளங்கை

“உள்ளங்கை எரியுதா, மஹ்ரூப் நானா?”

“இல்ல மிஸ். எரிஞ்சா எஞ்சின் கழட்டுறது எப்படி?” என்றார் மஹ்ரூப். மூதூரில், வீட்டு முற்றத்திலேயே வள்ள எஞ்சின் திருத்துபவர்.

லதுஷாவுக்குக் குழப்பமாக இருந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு, புற்றுநோய்க் குளிசை குடிப்பவர்களைத் தொலைபேசியில் விசாரிக்கும் தாதி அவள். இந்தக் குளிசை குடித்தால் கை கால் எரியும், வாய் புண்ணாகும். மஹ்ரூபுக்கு எதுவுமே இல்லை. நேற்றுக்கூட இறால் கறியோடு வயிறு முட்டச் சோறாம்.

ஆனால் பரிசோதனைகளில் நோய் கூடிக்கொண்டே வந்தது. மருந்து வேலை செய்யவில்லை, நிறுத்திவிடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கொடுக்க வேறு மருந்தும் இல்லை.

நோயின் பெயரை வாப்பாவிடம் சொல்லவே கூடாது என்று மகன் ஸாஜித் கெஞ்சியிருந்தான். அதனால் அவள் சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

“குளிசை ஒழுங்காப் போகுதுதானே?”

“பெட்டியில ஒண்டும் மிச்சமில்ல, மிஸ்.”

அவள் தொலைபேசியை அவர் மனைவி ஸாலிஹாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஸாலிஹா வாயைத் திறக்கவே சிரமப்பட்டுக் கதைத்தார். கணவருக்கு ஒரு குறையுமில்லையாம்.

“எனக்குத்தான் ஏலாம இருக்கு, மிஸ். உள்ளங்கை தோல் உரியுது, தேங்காய் துருவ ஏலாது. வாயில உறைப்பு வைக்க ஏலாது. நீங்க அவரிட்டக் கேக்கிறதெல்லாம் எனக்கெல்லோ இருக்கு.”

லதுஷா கதிரையில் நிமிர்ந்தாள். கணவருக்கு வர வேண்டியது மனைவிக்கு எப்படி வந்தது?

“நீங்க என்ன மருந்து குடிக்கிறீங்க?”

மஹ்ரூப்தான் தொலைபேசியைத் திரும்ப வாங்கினார்.

“ஏசாதீங்க, மிஸ். அவட சீனி வருத்தக் குளிசை கிளினிக்கில முடிஞ்சு போச்சு. எனக்குத் தந்ததும் சீனிக்குத்தான் எண்டு மகன் சொன்னவன். நான் நல்லாத்தானே இருக்கிறன் எண்டு, முழுசையும் அவவுக்கே குடுத்திட்டன்.”

ஸாலிஹாவின் கைகள் மெல்ல ஆறின. டொக்டர் மருந்தை நிறுத்தவில்லை. அந்தக் கிழமையே ஸாஜித் வாப்பாவிடம் நோயின் பெயரைச் சொன்னான். மஹ்ரூப் தன் முதல் குளிசையை அதற்குப் பிறகுதான் விழுங்கினார்.