ஒண்டிக்கட்டை வரி

செத்துப்போன மாரிசாமிக்கு ஒரு பெண்டாட்டி வேணும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள.

பட்டாசுக் கம்பெனி கணக்குப்பிள்ளை இன்பராஜுக்குச் சோறு இறங்கவில்லை. விஸ்வநத்தத்தில் மருந்து ஷெட் வெடித்து போர்மேன் மாரிசாமி போய்ச்சேர்ந்து இன்னும் காரியம்கூட முடியவில்லை. அதற்குள் முதலாளி லட்சுமிகாந்தம் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"மாரிசாமி சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க. நஷ்டஈட்டை அந்தம்மா கையிலதான் குடுக்கணும்னு பேக்டரி இன்ஸ்பெக்டர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை அவரே வாராரு."

சம்சாரத்துக்கு எங்கே போக? அப்படி ஒருத்தியை உண்டாக்கினதே இன்பராஜின் பேனாதானே.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். வருமான வரியில் சர்க்கார் ஒரு வேடிக்கை வைத்திருந்தது. கல்யாணம் ஆனவனுக்கு வருஷத்துக்கு மூவாயிரம் வரை வரி கிடையாது. ஒண்டிக்கட்டை என்றால் ஆயிரத்தைத் தாண்டினதுமே சம்பளத்தில் பிடித்தம். மாரிசாமியோ அப்பன் ஆத்தா இல்லாத தனி ஆள்; கிறிஸ்துமஸுக்கு இன்பராஜ் வீட்டுக்கு வந்துதான் பலகாரம் தின்பான்.

நாலு மாசம் முந்தி, சித்திரையில் வரிக்கணக்குப் போடும்போது இன்பராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"வே, பெண்டாட்டி இருக்குன்னு எழுதிருவோம். வருஷம் அறுபது ரூவா மிச்சம். எவன் வந்து பாக்கப் போறான்? ஏதாச்சும் ஒரு பேரு சொல்லும்."

மாரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜெயக்கொடின்னு போடுங்கண்ணே."

அந்த வட்டாரத்தில் தெருவுக்கு மூணு ஜெயக்கொடி. இன்பராஜின் தங்கச்சி பேரும் அதுதான். எழுதிவிட்டு அடுத்த ஆளின் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. பொய் என்று தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. வீட்டில் சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். தலைவலி என்று ஜெயக்கொடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"எனக்கு வேற வழி தெரியலை தாயி. பேரும் பொருந்தி வருது. முதலாளி உன்னைப் பாத்ததே இல்லை, இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரன். அந்தச் சிலுவைச் சங்கிலியைக் கழட்டி வச்சிட்டு, துன்னூறு பூசிக்கிட்டு, வெள்ளைச் சீலையில கொஞ்ச நேரம் நின்னாப் போதும். ஏதும் கேட்டா அழுதிரு."

வேதக்கார வீட்டுக் குமரிப்பிள்ளையிடம், அதுவும் கூடப்பிறந்தவளிடம், கேட்கிற உதவியா இது? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

"அண்ணனுக்காக ஒரே ஒரு தரம் நடிச்சிரு, தாயி."

ஜெயக்கொடி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகமே வீங்கிப் போயிருந்தது.

"நடிக்க வேண்டியதில்லண்ணே, தையிலயே எங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு."