செவலையின் மோப்பம்

மேய்ப்பர் ஒரு நாள் ஆட்டுப்பட்டியின் படலைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு, "இனி உங்க இஷ்டம், போய் மேயுங்க" என்றார்.

செவலை ஆட்டுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. "இது சோதனை. வெளியே எவ வாயை வைக்கிறான்னு மறைஞ்சு நின்னு பார்ப்பார்" என்றது.

"அவர் குரல் எனக்குத் தெரியாதா அக்கா?" என்று சொல்லிவிட்டு சுட்டி ஆடு வெளியே போனது. வேலியோரம் பச்சைப்பசேலென்று நின்ற செடியை மோந்து பார்த்தது. அரளி, விஷம். ஒதுங்கிப் போய் அருகம்புல்லை மேய்ந்தது.

சாயங்காலம் செவலை வழியை மறித்துக்கொண்டது. "வாயைத் திற." மோந்தது. "வெளிப்புல் வாடை! நீயெல்லாம் அவர் ஆடா?"

"அவர்தானே போகச் சொன்னார்?"

"அவர் சொல்வார். நாம போயிடலாமா? பட்டிக்குள்ள இருக்கிறது மட்டும்தான் சுத்தம்."

அன்றிலிருந்து செவலைக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒவ்வோர் ஆட்டின் வாயையும் மோந்தது. குளம்பில் ஒட்டிய மண்ணைக்கூட விடவில்லை. பட்டிக்குள் வெறும் சருகுதான் கிடந்தது. அதைத் தின்று தின்று செவலைக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டது.

ஒரு நாள் பலத்த காற்றில் அரளிக் கிளை முறிந்து பட்டிக்குள் விழுந்தது. செவலை பாய்ந்து வந்தது.

"அக்கா, வேண்டாம்! மோந்து பார்த்துட்டுத் தின்னுங்க!" என்று கத்தியது சுட்டி.

செவலை சுட்டியை ஏற இறங்கப் பார்த்தது. "என் வயிறு நிறையறது உனக்குப் பொறுக்கலையா? எங்கே விழுந்திருக்குன்னு பாரு. பட்டிக்குள்ள!"

மோந்து பார்க்காமலே அரளி இலையை மென்று தின்னத் தொடங்கியது. மெல்லும்போதும் அதன் கண் சுட்டியின் வாய் மேலேயே இருந்தது.