வேலிக்கு அடியால் ஒரு வயர்

“லைலா, கள்ளன் ஆம்பிட்டான்! ஓடி வாகா இஞ்ச!”

தறியில் இருந்த லைலா பதறிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடி வந்தாள். பற்றரிப் பெட்டிக்கு முன்னால் அவளுடைய புருஷன் பளீல் குந்தியிருந்தான். பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்பு வயர் மணலுக்குள் புதைந்து, தகர வேலிக்குக் கீழால் அடுத்த வளவுக்குள் போயிருந்தது.

“ஆர்ர வளவுக்குப் போகுது, பாத்தியா?”

பார்க்கத் தேவையில்லை. அது றஸாக்கின் வளவு.

“சும்மா இரிங்க. பழைய வயராக்கும்,” என்றாள் லைலா.

“பழசா? பள பளண்டு இரிக்கி! என்ட கறண்ட இழுத்துக் குடிக்கான்கா அவன்!”

சுனாமியில் மருதமுனைக் கடற்கரையில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டம் அது. கறண்டுக் கம்பம் நட்டிருந்தார்கள், கம்பிதான் இன்னும் வந்து சேரவில்லை. வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது எல்லோரும் ஆசைப்பட்ட மூலை வீடு றஸாக்குக்கு விழுந்தது. ‘இதில ஏதோ விளையாட்டு நடந்திரிக்கி’ என்று பளீல் சொல்லப்போய், அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. றஸாக்குக்கு ஒரு நிறுவனம் பெரிய சோலார் பூட்டிக் கொடுத்தது. அதைப் பார்த்த பிறகு பளீலால் சும்மா இருக்க முடியவில்லை.

சின்னப் பனல் ஒன்று வாங்கினான். தன் லொறியில் கழித்த பற்றரி ஒன்று, உடைத்து விற்ற வேனின் பற்றரி ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டினான். அவை இரண்டும் மாமியும் மருமகளும் மாதிரி. ஒன்று நிறைந்தால் மற்றது பாதியில் நிற்கும். பாதியில் நிற்பது நிறைந்ததை உறிஞ்சும். அந்தியில் மஃரிப் தொழுது வருவதற்குள் பல்ப் மஞ்சளாகிவிடும். லைலா ஒருநாள் அந்த வெளிச்சத்தில் பச்சைக் கரைக்கு நீல நூலை ஓட்டி, விடிந்ததும் பிரிக்க வேண்டியதாயிற்று. பெருநாளைக்குக் கொடுக்க வேண்டிய சாரம் அது.

பளீலும் விடவில்லை. தண்ணீர் ஊற்றினான், முனைகளைச் சுரண்டினான். கடைசியாக இரண்டையும் பிரித்துத் தனித்தனியே சார்ஜ் ஏற்றி, ஒரே மட்டத்துக்கு வந்ததும் திரும்பச் சேர்த்துக் கட்டிவிட்டு லொறியில் ஏறிப் போனான்.

வழியில் செக் பொயின்ற்றில் ஒரு நாள் முழுக்க மறிபட்டுத் திரும்பி வந்தால், வீடு பால் போல் வெளிச்சம்!

அதன் பிறகு பளீலைப் பிடிக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கடையிலும் அதே கதை, பள்ளி வாசலிலும் அதே கதை. “எல்லாம் பாலன்ஸ்தான் மச்சான். ரெண்டையும் சமப்படுத்தத் தெரியணும்.” கல்முனையிலிருந்துகூட ஒருவர் யோசனை கேட்டு வந்து போனார்.

இப்போது இந்த வயர்.

“களவு போயும் இந்த வெளிச்சமெண்டா, போகாட்டி எப்படி எரியும்!”

“இஞ்ச பாருங்க, ஆக்களக் கூட்டாதீங்க. மானம் போகும்,” என்று லைலா அவன் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“போறது அவன்ட மானம்தானே?”

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு, ஊர் வழக்குகளைத் தீர்க்கும் பள்ளி மரைக்கார் அப்துல் ஹமீட்டையே கூட்டி வந்துவிட்டான். பின்னால் பாதி வீட்டுத் திட்டம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் றஸாக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி ஷாஹினா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

பளீல் லொறியிலிருந்து கழற்றிய அம்பியர் மீட்டரை எடுத்து வந்தான்.

“மரைக்கார், நல்லாப் பாருங்க. முதல்ல என்ட பனல் வயர்ல கொழுவுறன். ஊசி வலப்பக்கம் சாயுதா? அது உள்ளுக்கு வாற கறண்ட். இடப்பக்கம் சாய்ஞ்சா வெளியால போற கறண்ட். விளங்கிச்சா?”

“ஓம், விளங்குது.”

“இப்ப இந்தக் கள்ள வயரை வெட்டி, அதே மாதிரிக் கொழுவுறன். ஊசி எந்தப் பக்கம் சாயுதெண்டு நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் குனிந்தார்கள்.

ஊசி வலப்பக்கம் சாய்ந்தது. பனல் வயரில் சாய்ந்ததைவிட நன்றாகவே சாய்ந்தது.

பளீல் மீட்டரைத் தட்டினான். கழற்றித் திரும்பவும் கொழுவினான். ஊசி திரும்பவும் வலப்பக்கமே போய் நின்றது.

மரைக்கார் தாடியைத் தடவினார். “அப்ப, மகன் பளீல், கள்ளன் ஆரு?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பளீல் வியர்த்துப்போய் லைலாவைப் பார்த்தான்.

“இத மண்ணுக்குள்ள புதைச்சது ஆரு?”

“நான்தான்,” என்றாள் லைலா, நிலத்தைப் பார்த்தபடி.

சீட்டுக் குலுக்கிய நாளுக்குப் பிறகு முதன்முதலாக றஸாக் வாய் திறந்தான்.

“மஃரிபோட லைலா ராத்தாட தறிச் சத்தம் நிண்டு போகுதெண்டு ஷாஹினாதான் சொன்னா. எங்களுக்கு வாற கறண்ட் மிச்சம். கேட்டுத் தந்தா நீங்க வாங்குவீங்களா, பளீல் காக்கா? அதான் நீங்க செக் பொயின்ற்ல லொறியோட கிடந்த நேரம் பாத்து இழுத்தம்.”

கூட்டம் பளீலின் முகத்தைப் பார்த்தது. அவன் வெட்டின வயரின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்தான். பிறகு வேலிப் பக்கம் திரும்பினான்.

“டேய் றஸாக், இந்த வயர் போதாதுடா. இதவிடத் தடிச்சது இருந்தா எடுத்துட்டு வா, ரெண்டு பேருமாச் சேந்து இழுப்பம்.”