நிலா வரைக்கும் போதும் என்றவர்

என் வயிற்றில் கட்டியிருக்கும் பட்டை குழந்தையின் உதையை அனுப்பும். விண்கலத்தில் இருக்கும் என் கணவர் இளம்பரிதியின் உள்ளங்கையில் அது தட்டும். போன வாரம் அது நின்றுபோனது. குரல் மட்டும் வந்தது.

“பாப்பா அசையுதாம்மா?” என்று பதறிக் கேட்டார். இங்கோ உதையில் எனக்குத் தூக்கமே இல்லை.

பழுது பார்க்க ரெஜினா வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து தகவல் அனுப்பும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

“அனுப்புற ஒவ்வொரு தகவலுக்கும் ஆயுசுன்னு ஒரு எண்ணு உண்டுக்கா. வழியில ஒவ்வொரு நிலையமும் அதுல ஒண்ணைக் குறைக்கும். தீர்ந்துட்டா அங்கேயே தூக்கிப் போட்டுடும். உங்க பட்டைக்கு வச்சிருக்கிறது நிலா வரைக்கும்தான் தாங்கும். எந்த மடையன் வச்சான்?”

“அந்த மடையன்தான் இப்ப செவ்வாய்கிட்ட இருக்கார்,” என்றேன். நிலாவில் வேலை என்றுதான் கிளம்பினார். போன வாரம் அங்கிருந்து அதிவேகக் கலத்தில் மேலே அனுப்பிவிட்டார்கள்.

ரெஜினா ஆயுளைக் கூட்டினாள். குழந்தை உதைத்தது. அது அவ்வளவு தூரம் போய், பதில் திரும்பி வர வெகு நேரமாகும். அடுத்த வீட்டு வேலை கிடக்க, அவளும் என்னோடு காத்திருந்தாள். காபி ஆறிப்போனது.

ஸ்பீக்கரில் அழுகையும் சிரிப்புமாக அவர் குரல் வந்தது. “ஆத்தாடி, என்னா உதை! சரி பண்ணவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?”

ரெஜினாவின் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். அவளுக்கும் ஓர் உதை கிடைத்தது. அதே உதை இன்னும் சற்று நேரத்தில் அவர் கைக்கும் போய்ச் சேரும்.